பழைய கார் புதுசாகணுமா? முதலில் டிக்கியைத் திறந்து டேங்க்கைப் பாருங்க!

ஆவடிப் பக்கம் 'டேங்க்' என்றால் எல்லோருக்கும் ராணுவ டேங்க்தான் நினைவுக்கு வரும். 1965-ல் 'விஜயந்தா' வெளிவந்த கனரக வாகனத் தொழிற்சாலை அங்கேதான் இருக்கிறது. அங்கிருந்து சற்றே தள்ளி, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடியைக் கடக்கும் ஒரு பழைய கார்க்காரருக்கோ, டேங்க் என்றால் பெட்ரோல் டேங்க்தான். காரைப் புதுப்பிக்கும்போது அவர் கடைசியாகக் கவனிப்பதும் பெரும்பாலும் அதைத்தான்.

வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் 1961 முதல் தயாரான 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' காரையே எடுத்துக்கொள்வோம். தாத்தா ஓட்டிய ஹெரால்டை பேரன் மறுபடி ரோட்டுக்குக் கொண்டுவர நினைக்கிறார். டிங்கரிங், பெயின்ட், சீட் தையல், குரோமியம் பூச்சு என்று பணம் கரைகிறது. புதுப்பேட்டையில் அலைந்து உதிரி பாகங்கள் தேடுகிறார். டேங்க்கை மட்டும் கழுவி, கறுப்பு பெயின்ட் அடித்து, இருந்த இடத்திலேயே மாட்டிவிடுகிறார்கள். மூடினால் வெளியே தெரியாத பாகம்தானே என்ற நினைப்பு!

அரிசிச் சிப்பம் கணக்கு

ஹெரால்டில் டேங்க் இருப்பது டிக்கிக்குள்ளே. அதற்கும் பின்சீட்டுக்கும் நடுவே ஒரு தடுப்புதான். அந்த சீட்டில் உட்காரப்போவது பாட்டியும் குழந்தைகளும்.

30 லிட்டர் பெட்ரோல் சுமார் 22 கிலோ எடை இருக்கும். கிட்டத்தட்ட ஓர் அரிசிச் சிப்பம். மோதலில் கார் சட்டென்று நிற்கும்போது எடையைப்போல் 20 மடங்கு விசை வருகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த 22 கிலோ 440 கிலோவாக முன்னால் பாயும். அதைப் பிடித்து நிறுத்த வேண்டியவை சில போல்ட்டுகளும் பட்டைகளும்தான்.

விபத்துதான் நடக்க வேண்டும் என்பதில்லை. பாதி நிறைந்த டேங்க்கில் பெட்ரோல் அலைபாய்ந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு வேகத்தடையிலும் டேங்க் கொஞ்சம் ஆடினால் போதும், நட்டு தளரும். துளையைச் சுற்றித் தகடு விரியும், டேங்க்கின் விளிம்பில் கசிவு தொடங்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிட கனமானது என்பதால் டிக்கியின் அடியிலேயே தேங்கும். பின்விளக்குகளுக்குப் போகும் ஒயர்களும் அங்கேதான் ஓடுகின்றன. ஒரு பொறி போதும்.

ஒரு போல்ட்டு கற்றுத்தந்த பாடம்

அமெரிக்காவில் 1970-களில் விற்ற ஃபோர்டு பின்டோ காரில், டேங்க் பின் பம்பருக்கும் பின் அச்சுக்கும் நடுவே இருந்தது. பின்னாலிருந்து வேறு வண்டி மோதினால் டேங்க் முன்னால் தள்ளப்பட்டு, அச்சில் நீட்டிக்கொண்டிருந்த போல்ட்டுகள் அதைக் குத்திக் கிழிக்கும் அபாயம் இருந்தது. 1978-ல் சுமார் 15 லட்சம் கார்களை ஃபோர்டு திரும்ப அழைத்தது. டேங்க்குக்கும் அச்சுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் கவசம் வைத்தார்கள். பெட்ரோல் ஊற்றும் குழாயையும் மாற்றினார்கள்.

நம் பட்டறைகளுக்கும் இதில் பாடம் உண்டு. டேங்க்கைப் பார்த்தபடி எந்த போல்ட்டின் முனையும், தகட்டின் கூர் விளிம்பும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

எப்படிப் பொருத்துவது?

அந்தக் காலக் கார்களில் டேங்க்கைப் பிடிக்கும் முறை ஒரே மாதிரி இருக்காது. மோரிஸ் மைனரில் டேங்க்கின் விளிம்பைச் சுற்றித் திருகுகள் போட்டு டிக்கித் தரையோடு இறுக்குவார்கள். ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் டேங்க் முன்பக்க மூடிக்கு அடியில், கிளாம்ப்களால் பிடிக்கப்பட்டிருக்கும். இன்னும் சில கார்களில் இரும்புப் பட்டைகள். முறை எதுவானாலும் கவனிக்க வேண்டியவை இவை:

தரை: டேங்க் உட்காரும் தகட்டை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் தகடு மாற்றியே ஆக வேண்டும். துருப்பிடித்த தகட்டில் புது போல்ட்டு நிற்காது. போல்ட்டுக்கு அடியில் அகலமான வாஷரோ தகடோ கொடுத்தால் பளு பரவும்.

மெத்தை: இரும்பும் இரும்பும் உரசக் கூடாது. நடுவே பெட்ரோலைத் தாங்கும் ரப்பர் வேண்டும். சாக்குத் துணி, கார்ப்பெட் துண்டு வைத்தால் ஈரத்தை உறிஞ்சி, அந்த இடத்திலேயே துரு ஏறும்.

இறுக்கம்: ஆடாத அளவுக்கு இறுக்கினால் போதும். அதற்கு மேல் போனால் பட்டை டேங்க்கையே நசுக்கும். தானாகக் கழன்றுவராத லாக் நட்டு போடுவது நல்லது.

குழாய்: டேங்க் அசையாமல் இருந்தாலும் காரின் உடல் முறுக்கும். அதனால் நடுவே வளையும் ரப்பர் குழாய் அவசியம். இப்போதைய பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால் கலக்கப்படுகிறது. அது அந்தக் கால ரப்பரைக் கெடுக்கும் என்பதால், எத்தனாலைத் தாங்கும் புதுக் குழாயே போடுங்கள்.

காற்றுவழி: இது அடைபட்டால் பெட்ரோல் இன்ஜினுக்கு ஒழுங்காகப் போகாது.

எர்த் ஒயர்: பெயின்ட்டும் ரப்பரும் சேர்ந்து மின் தொடர்பைத் துண்டித்துவிடும். பெட்ரோல் முள் சரியாகக் காட்ட தனி எர்த் ஒயர் கொடுக்க வேண்டியிருக்கலாம்.

காலி டேங்க்தான் ஆபத்து

'டேங்க்தான் காலியாச்சே' என்று வெல்டிங் வைப்பதைப்போல் விபரீதம் வேறில்லை. பெட்ரோல் மைனஸ் 40 டிகிரிக்கும் கீழேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவியாகும். காலி டேங்க்கில் அந்த ஆவியும் காற்றும் சேர்ந்து வெடிமருந்து மாதிரி காத்திருக்கும். தண்ணீர் விட்டுக் கழுவினால் மட்டும் போதாது. டேங்க் வேலையே தொழிலாகச் செய்பவரிடம் கொடுப்பதுதான் நல்லது. டிக்கித் தரையில் வெல்டிங் என்றாலும், டேங்க்கை முதலில் வெளியே எடுத்துவிட வேண்டும்.

'பாதுகாப்புக்காக டேங்க்கை வேறு இடத்துக்கு மாற்றலாமா?' என்று சிலர் யோசிப்பதுண்டு. 50 ஆண்டுகளைத் தாண்டிய கார்களுக்கு 2021-ல் மத்திய அரசு 'விஏ' எழுத்துகளுடன் தனிப் பதிவெண் கொண்டுவந்தது. வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், சேஸியிலும் பாடியிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது அதன் நிபந்தனை. எனவே இருந்த இடத்திலேயே உறுதியாக நிறுத்துவதுதான் வழி.

வேலை முடிந்ததும் டேங்க்கை நிரப்பி, ஓர் இரவு அப்படியே விடுங்கள். காலையில் டிக்கியைத் திறந்ததும் பெட்ரோல் வாசனை வந்தால், 'பழைய கார்னா அப்படித்தான்' என்று யாராவது சமாதானம் சொல்வார்கள். நம்பாதீர்கள். எங்கே கசிகிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்யுங்கள். பிறகு 100 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, நட்டுகளை இன்னொரு தடவை சரிபாருங்கள். அதற்கப்புறம் பாட்டியையும் பேரக்குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு காஞ்சிபுரத்துக்குக் கிளம்பலாம்.