பெயர் ஒன்று, ஷெல் வேறு
கட்டளைகளை வரிசையாக எழுதிக் கணினியை வேலை வாங்குவது ஷெல் ஸ்கிரிப்ட். ஒரு யுனிக்ஸில் ஓடுவது இன்னொன்றில் ஓடுமா? 2006 அக்டோபரில் உபுண்டு 6.10 வந்தபோது பலருக்கு விடை கிடைத்தது. 'எஸ்எச்' என்ற பெயரில் அதுவரை இயங்கிய பாஷ் ஷெல்லுக்குப் பதில் வேகமான டாஷ் அமர்த்தப்பட்டது. ஒழுங்காக ஓடிய ஸ்கிரிப்டுகள் பல படுத்துவிட்டன. பழி டாஷ் மீது விழுந்தது.

உண்மையில், முதல் வரியில் 'எஸ்எச்' என்று எழுதிவிட்டு, இரட்டைச் சதுர அடைப்பு போன்ற பாஷின் சொந்தச் சரக்கை உள்ளே புகுத்தியதுதான் கோளாறு. ஃப்ரீபிஎஸ்டியில் அவை முன்பே திணறியிருக்கும்.

பரிகாரம் எளிது: 1992-ல் வந்த போசிக்ஸ் தரத்துக்குள் நின்று எழுதுவது, இடத்துக்கு இடம் குணம் மாறும் 'எக்கோ'வுக்குப் பதில் 'பிரிண்ட்எஃப்' பயன்படுத்துவது, டாஷிலும் ஓட்டிப் பார்ப்பது. பாஷ்தான் வேண்டுமென்றால் முதல் வரியிலேயே அதன் பெயரைச் சொல்லிவிடலாம்.