மவுத் ஆர்கன் வச்சிருக்கீங்களா? பீச்சுக்கு வாங்க!

உங்க ஹாஸ்டல் அலமாரியில, பழைய செமஸ்டர் ஜெராக்ஸுக்கு அடியில ஒரு மவுத் ஆர்கன் தூங்குதா? அப்போ இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

ஜெர்மனியில் ட்ரோஸிங்கன் என்று ஒரு சின்ன ஊர். 1857-ல் மத்தியாஸ் ஹோனர் என்ற கடிகாரத் தொழிலாளி அங்கேதான் ஹார்மோனிகா செய்ய ஆரம்பித்தார். அந்த ஊரில் நடக்கும் உலக ஹார்மோனிகா திருவிழாவுக்குப் பல நாட்டிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். பகலில் போட்டி, கச்சேரி. ராத்திரி ஆனால் ஜாம்! முன்பின் தெரியாதவர்கள் பாக்கெட்டிலிருந்து ஹார்மோனிகாவை எடுத்துச் சேர்ந்து வாசிப்பதுதான் ஜாம். ஒத்திகை கிடையாது, நோட்டேஷன் பேப்பரும் கிடையாது.

இதைப் படிச்சதும் "நம்ம காரைக்கால் பீச்சுல ஏன் கூடாது?"ன்னு எனக்கும் என் நண்பனுக்கும் தோணுச்சு. போன வருஷம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், அரசலாறு கடலில் சேருற பக்கமா உட்கார்ந்து ஒரே பாட்டை ஆரம்பிச்சோம். பத்து செகண்ட் தாங்கல. சுண்டல் விக்கிற அண்ணன், "தம்பி, பேட்டரி வீக்கா?"ன்னு கேட்டுட்டுப் போனார்.

எங்கே தப்பு? ரெண்டு பேருமே நெட்டில் டேப் பார்த்துக் கத்துக்கிட்டவங்க. டேப் என்பது 'நாலாவது ஓட்டையில ஊது, அஞ்சாவதுல இழு' என்கிற மாதிரி நம்பர்தான். என்னுடையது சி கீ, அவனுடையது ஜி கீ. நான் நாலாவது ஓட்டையில் ஊதினால் 523 ஹெர்ட்ஸ், அவன் ஊதினால் 392. நம்பர் ஒண்ணு, சுருதி வேற. அப்புறம் எப்படிச் சேரும்?

சரி, உள்ளே என்னதான் இருக்கு? பத்து ஓட்டை ஹார்மோனிகாவில் ஒவ்வொரு ஓட்டைக்கும் ரெண்டு ரீடு: ஊதினால் ஒண்ணு அதிரும், இழுத்தால் இன்னொண்ணு. மொத்தம் 20. நம்ம ஹார்மோனியத்திலும் இதே மாதிரி ரீடுதான், காற்றுக்குத் துருத்தி இருக்கும். இங்கே துருத்தி உங்க நுரையீரல்.

சி ஹார்மோனிகாவில் பக்கத்துப் பக்கத்து ஓட்டைகளை எப்படிச் சேர்த்து ஊதினாலும் சி மேஜர் கார்டு வரும். முதல் நாலு ஓட்டையைச் சேர்த்து இழுத்தால் ஜி மேஜர் கார்டு. இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. கீழ் ஸ்தாயியில் மத்திமமும் தைவதமும் கிடையாது. வேணும்னா வாய்க்குள்ளே நாக்கை அட்ஜஸ்ட் பண்ணி, இழுக்கிற ஸ்வரத்தையே கீழே வளைக்கணும். இதுக்குப் பேர் பெண்டிங். மாசக்கணக்கில் பழகணும், அவசரப்படாதீங்க.

இப்போ எங்க பிரச்சினைக்கு வருவோம். சி ஹார்மோனிகாவில் ஜி-யை ஸட்ஜமா வச்சு வாசிக்கலாம். வெளிநாட்டு ப்ளூஸ்காரங்க இதை கிராஸ் ஹார்ப் என்பாங்க. நம்ம கர்நாடக சங்கீதத்தில் இது கிரக பேதம்! சங்கராபரணத்தின் பஞ்சமத்தை ஸட்ஜமாக்கினால் ஹரிகாம்போதி வருமே, அதேதான். அவன் ஜி-யில் பாட்டை வாசிக்கட்டும், நான் கூடவே வாசிக்கலாம். நிஷாதம் மட்டும்தான் இடிக்கும்: அவனுக்குக் காகலி, எனக்குக் கைசிகி. அந்த ஒரு ஸ்வரம் வரும்போது நான் வாயை மூடிக்கணும். அவ்வளவுதான்.

ஆனா எங்க ஜாமை உண்மையில் காப்பாத்தினது ஒரு ஃபர்ஸ்ட் இயர் தம்பி. கையில் சி ஹார்மோனிகா, ஒரு பாட்டும் தெரியாது. "முதல் நாலு ஓட்டையை மட்டும் தாளத்துக்கு இழு, நாங்க நிறுத்துற வரைக்கும் நிறுத்தாதே"ன்னு சொன்னோம். இழுத்தான். அன்னைக்குத்தான் எங்க சத்தம் முதல்முறையா பாட்டு மாதிரி கேட்டுச்சு.

ஆனி மாசம் மாங்கனித் திருவிழாவில் நாகஸ்வரம் கேட்டிருப்பீங்க. பக்கத்தில் ஒருத்தர் ஒத்து வச்சு ஒரே ஸ்வரத்தை விடாமப் பிடிச்சா, அவரை யாரும் கவனிக்க மாட்டாங்க. அவர் நிறுத்தினா எல்லாருக்கும் தெரியும். ஜாமுக்கும் ஒரு ஒத்து வேணும். எல்லாரும் ஹீரோ ஆனா அது ஜாம் இல்ல, டிராஃபிக் ஜாம்!

முதல்முறை வர்றவங்களுக்குச் சில விஷயம். உட்கார்ந்ததும் என்ன கீன்னு கேளுங்க, உங்க ஹார்மோனிகா மேலேயே எழுதியிருக்கும். முதல் ரவுண்டு சும்மா கேளுங்க. ஒருத்தர் தனியா வாசிக்கும்போது நீங்க கார்டோ, மௌனமோ. சுண்டல் சாப்பிட்டா வாயைக் கொப்பளிச்சுட்டு வாசிங்க, துணுக்கு மாட்டினா ரீடு பேசாது. அடுத்தவர் ஹார்மோனிகாவில் வாய் வைக்காதீங்க. முடிச்சதும் உள்ளங்கையில் தட்டி ஈரத்தை வெளியேத்தி, காய வச்சு மூடி வைங்க. இது உப்புக் காத்து ஊரு.

மே மாசத்தோட நானும் நண்பனும் கிளம்பிடுவோம். தம்பி இப்போ ரெண்டு பாட்டு வாசிக்கிறான், ஆனா அவனுக்கு ஒத்து பிடிக்க ஆள் இல்ல. ஒரே ஆள் ஜாம் பண்ண முடியாதே! அதனாலதான் இதை எழுதுறேன். சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சரை, பீச்சில் லைட்ஹவுஸ் பக்கம். வாசிக்கத் தெரியலைன்னாலும் பரவாயில்ல. மூச்சு இழுக்கத் தெரியும்ல?