டாக்ஸிக்காரர் சாப்பிடும் இடம்

நியூயார்க் நகரத்தில் ஒரு வேளை ஆகாரத்துக்கு ஆகும் செலவைக் கேள்விப்பட்டு, டாலரை ரூபாயாக மாற்றிப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, அவலும் பருப்புப் பொடியும் ஊறுகாயும் சகிதமாக விமானம் ஏறுகிற நம்மவர்கள் அநேகர். அவர்களுடைய பயத்தை வீண் பயம் என்று சொல்லிவிட முடியாது. மன்ஹாட்டனில் நடுத்தரமான ஒரு ஹோட்டலில் உட்கார்ந்து எழுந்தால், வரியும் இனாமும் சேர்ந்துகொண்டு வரும் பில்லைப் பார்த்த மாத்திரத்தில் உண்ட உணவின் ருசி மறந்துபோகும். ஆனால் அதே ஹோட்டலின் வாசலிலிருந்து சில அடி தூரத்தில், இரண்டு ஆள் நின்றால் இடம் நிறைந்துவிடுகிற தகர வண்டியொன்றுக்குள் நின்றுகொண்டு, பத்து டாலர் அளவில் வயிறு கொள்ளாமல் சோறும் கறியும் அள்ளிக் கொடுக்கிற மனிதர் ஒருவர் இருக்கிறார் என்பதும், அவரைப் போன்றவர்கள் அந்நகரத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள் என்பதும், அவர்களில் பெரும்பாலோர் அந்நாட்டில் பிறந்தவர்களே அல்லர் என்பதும் பெட்டியில் அவல் கட்டுகிறவர்களுக்குத் தெரிவதில்லை.

இந்தத் தெருச் சமையல் இன்று நேற்று ஏற்பட்டதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ருஷ்ய சாம்ராஜ்யத்திலிருந்து தப்பி வந்த யூதர்கள், கடை வைக்கக் கையில் முதல் இல்லாமையால், நாள் வாடகைக்குக் கைவண்டி எடுத்து, ஹெஸ்டர் தெரு முதலான நெரிசல் மிகுந்த வீதிகளில் ஊறவைத்த வெள்ளரிக்காயும் ரொட்டியும் மீனும் விற்று ஜீவனம் நடத்தினார்கள். கோனி தீவுக் கடற்கரையில், ஜெர்மனியிலிருந்து வந்த சார்லஸ் ஃபெல்ட்மன் என்பவர் தள்ளுவண்டியில் ஆரம்பித்த ஸாஸேஜ் வியாபாரம் பெரிய போஜன விடுதியாக வளர்ந்திருந்த காலத்தில், அங்கே ரொட்டி அறுக்கும் வேலையில் இருந்த நேதன் ஹாண்ட்வெர்க்கர் என்ற போலந்து யூதர், 1916-இல் தனியே கடை போட்டு, பழைய முதலாளி பத்து சென்ட்டுக்கு விற்ற பதார்த்தத்தை ஐந்து சென்ட்டுக்குக் கொடுத்துக் கூட்டத்தைத் தம் பக்கம் திருப்பிக்கொண்ட கதை பிரசித்தமானது. பின்னர் மேயராக வந்த லகார்டியா, தாமும் இத்தாலியிலிருந்து குடியேறியவரின் மகனாக இருந்தும், தெருவோர வண்டிகள் நகரத்தின் கௌரவத்துக்குக் குறை என்று எண்ணி, 1930-களில் அவற்றைக் கட்டடச் சந்தைகளுக்குள் ஓட்டலானார். 1940-இல் திறக்கப்பட்ட எஸெக்ஸ் தெருச் சந்தை அப்படி உண்டானதே. கௌரவம் சில காலம் காப்பாற்றப்பட்டது; பசி இருக்கும் வரையில் வண்டிகள் எங்கே போகும்? யூதருக்கும் இத்தாலியருக்கும் பின் கிரேக்கர் வந்தனர். கிரேக்கருக்குப் பின் ஆப்கானியரும் எகிப்தியரும் வங்காளதேசத்தவரும் வந்தனர்.

இவர்களுள் எகிப்தியர் செய்த காரியம் விஸ்தாரமாகச் சொல்லத் தக்கது. 1990-இல் மூன்று எகிப்தியர் சேர்ந்து 53-ஆம் தெருவும் ஆறாவது அவென்யூவும் சந்திக்கும் மூலையில் ஹாட் டாக் வண்டி ஒன்றை நிறுத்தினார்கள். அந்நாளில் நகரத்து டாக்ஸி ஓட்டிகளில் முஸ்லிம்கள் பெருகியிருந்தனர். பன்னிரண்டு மணி நேரம் வண்டி ஓட்டுகிற அம்மனிதர்களுக்கு, மார்க்க விதிப்படி அறுத்த இறைச்சியும், சோறு என்று பெயர் சொல்லத்தக்க ஓர் ஆகாரமும், அதிக விலையில்லாமல், காரை விட்டுத் தூரம் போகாமல் கிடைக்க வேண்டியிருந்தது. இதை உணர்ந்த அந்த மூவரும் இரண்டு வருஷத்துக்குள் ஹாட் டாக்கைக் கைவிட்டு ஹலால் கோழிக்கறியும் சோறும் போட ஆரம்பித்தார்கள். டாக்ஸிகள் வரிசையாக நிற்பதைக் கண்டு மற்றவர்களும் வந்து நின்றார்கள். இன்று அந்த வண்டி ‘ஹலால் கைஸ்’ என்ற பெயரில் பல நாடுகளில் கிளை பரப்பிய ஸ்தாபனமாகிவிட்டது. அதைப் பார்த்துக் கிளைத்த வண்டிகளோ நகரத்தின் மூலைக்கு மூலை நிற்கின்றன.

அவ்வண்டியின் முன் நின்று சமையலைப் பார்ப்பதே ஓர் இன்பம். மசாலாவில் ஊறிய கோழித்தொடைத் துண்டுகள் அகன்ற இரும்புக் கல்லில் விழுந்ததும் புகை எழுகிறது. இரண்டு கைகளிலும் இரும்புக் கரண்டி பிடித்து அவற்றைக் கொத்துகிற தாளம், மதுரையில் இரவு பத்து மணிக்குக் கொத்துப் பரோட்டாக் கடைப் பக்கம் போனவர்களுக்குப் புதிதாக இராது. அலுமினியத் தட்டில் மஞ்சள் கலந்த நீள அரிசிச் சோற்றைப் பரப்பி, மேலே கறியையும் ஓரத்தில் இலைக்கோஸையும் தக்காளியையும் வைத்து, “வெள்ளையா, சிவப்பா?” என்ற பாவனையில் வண்டிக்காரர் இரண்டு புட்டிகளைத் தூக்கிக் காட்டுவார். வெள்ளை என்பது மயோனைஸும் தயிரும் கலந்தது போன்ற புளிப்புக் குழம்பு; தாராளமாக வாங்கிக்கொள்ளலாம். சிவப்பு மிளகாய்க் குழம்பு விஷயத்தில், ஆந்திரக் காரத்துக்குப் பழகிய நாக்குக்குக்கூட அவசரம் உதவாது. தட்டை வாங்கியபின் உட்கார நாற்காலி கிடையாது. பக்கத்துக் கட்டடத்தின் படிக்கட்டோ, பூங்காத் திண்ணையோதான் போஜன சாலை.

எந்த வண்டியில் சாப்பிடுவது என்று கேட்பவர்களுக்கு என் அபிப்பிராயம் ஒன்றுதான்: வண்டிக்காரர் யாருக்காகச் சமைக்கிறார் என்று பாருங்கள். பொருட்காட்சிச் சாலைகளின் முன்னால் உல்லாசப் பிரயாணிகளை எதிர்பார்த்து நிற்கும் வண்டிகளில் சில, விலையை எழுதி வைக்க வேண்டும் என்ற சட்டத்தையும் மறந்து, ஆளைப் பார்த்து விலை சொல்லும். தன் ஊர்க்காரனுக்காகச் சமைப்பவர் அப்படிச் செய்ய முடியாது. அவனுடைய பையின் கனமும் இவருக்குத் தெரியும், பண்டத்தின் உண்மையான ருசி அவனுக்கும் தெரியும். மலிவும் சுவையும் ஒன்றாக வாய்ப்பது அங்கேதான்.

இதற்குச் சாட்சி வேண்டுமானால் ஏழாம் எண் ரயிலில் ஏறிக் குயின்ஸ் பகுதிக்குப் போகவேண்டும். ஜாக்ஸன் ஹைட்ஸில், தலைக்கு மேலே இரும்புப் பாலத்தில் ரயில் கடகடக்க, கீழே ரூஸ்வெல்ட் அவென்யூவில் ஒரு வண்டியில் திபேத்தியர் மோமோ அவிக்கிறார்; சற்றுத் தள்ளி வங்காளதேசத்தவர், நம் பானிபூரிக்குச் சகோதர உறவான ஃபுச்காவில் பட்டாணியும் உருளைக்கிழங்கும் அடைத்து, அவித்த முட்டையை மேலே துருவிப் போட்டுப் புளித்தண்ணீரோடு நீட்டுகிறார். விடியற்காலையில் ரயில் நிலையப் படிகளின் அருகே மெக்ஸிகோப் பெண்கள், சோளத் தோகையில் சுற்றி ஆவியில் வேகவைத்த தமாலேயை வேலைக்கு ஓடுகிறவர்களுக்கு விற்கிறார்கள். கொலம்பியாவில் நீதித்துறையில் இருந்துவிட்டு, அந்நாட்டின் கலவரத்துக்கு அஞ்சி வந்த ஓர் அம்மையார், இதே வீதியில் பாலாடைக்கட்டி சேர்த்த சோள அடைகளைக் கரியடுப்பில் சுட்டு விற்று, இறுதியில் சொந்தக் கடையே வைத்தார். கோடைக் காலச் சனி இரவுகளில் அருகிலுள்ள ஃப்ளஷிங் மெடோஸ் பூங்காவில் 2015 முதல் நடந்துவரும் இரவுச் சந்தையில், பண்டத்தின் விலை ஐந்தாறு டாலருக்கு மேல் போகலாகாது என்று வரம்பு கட்டினார்கள்; அரை டஜன் தேசங்களின் ஆகாரத்தை ஒரே இரவில் ருசி பார்க்க அதைவிடச் சௌகரியமான இடம் எனக்குத் தெரியாது.

இவ்வளவு மலிவாகக் கொடுக்கிறவர்கள் வாடகையில்லாமல் வியாபாரம் செய்கிறார்கள் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் குறைகூறுவதுண்டு. உண்மை வேறு. சமைக்கிற ஆளுக்கு ஒரு லைசென்ஸ், வண்டிக்கு ஒரு பெர்மிட் என்று இரண்டு தேவை. 1983-இல் நகரசபை இந்த வண்டிப் பெர்மிட்டுகளின் எண்ணிக்கையைச் சுமார் 3,000 என்று கட்டுப்படுத்திவிட்டது. எண்ணிக்கை உறைந்துபோகவே, காத்திருப்போர் பட்டியல் வருஷக் கணக்கில் நீண்டது. இரண்டாண்டுக்கு 200 டாலர் கட்டணமுள்ள பெர்மிட், வண்டியின் பக்கமே தலைகாட்டாதவர்களிடமிருந்து இரகசியமாக 25,000 டாலர் வரை கைமாறியது. இதற்குமேல், ஒவ்வோர் இரவும் வண்டியைக் கழுவி நிறுத்துவதற்கு அங்கீகாரம் பெற்ற கராஜுக்கு வாடகை உண்டு. கட்டட வாசலிலிருந்து இருபது அடியும் தெருவைக் கடக்கும் கோட்டிலிருந்து பத்து அடியும் விலகி நிற்கத் தவறினால் அபராதமும் உண்டு. பெர்மிட் இல்லாதவர்கள் கதி இன்னும் மோசம். 2019-இல் சுரங்க ரயில் நிலையத்தில் சுர்ரோ என்ற இனிப்புப் பலகாரம் விற்ற ஒரு பெண்ணைப் போலீஸார் விலங்கிட்டதைக் கண்டு நகரமே கொதித்தது. 2021-இல், பத்தாண்டுகளில் சுமார் 4,000 புதிய உரிமங்களை, உரிமம் பெற்றவரே வண்டியில் இருக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு வழங்குவதென்று நகரசபை சட்டம் செய்தது. நாற்பது ஆண்டுக் காலத் தவற்றைப் பத்தாண்டுத் தவணையில் திருத்துவது எந்த ஊர் நியாயமோ!

மோட்டார் லாரியில் சமைத்து விற்கும் ஃபுட் டிரக்குகளைப் பற்றி நீட்டி எழுத எனக்கு விருப்பமில்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் மெக்ஸிகோக்காரர்கள் கட்டடத் தொழிலாளிகளுக்காக நெடுங்காலம் டாக்கோ விற்றுவந்த அதே விதமான வாகனத்தில், கொரியாவில் பிறந்த ராய் சோய் என்ற சமையல்காரர் 2008-இல் கொரிய இறைச்சியை மெக்ஸிகோ ரொட்டியில் சுருட்டிக் கொடுத்து, அடுத்த நிறுத்தம் எங்கே என்பதை ட்விட்டரில் அறிவித்து, இளைஞர்களை நள்ளிரவில் ஓட வைத்தார். அவர் செய்தது சமத்காரமான காரியம். அவரைப் பார்த்துப் புறப்பட்ட பல டிரக்குகளில் வர்ணமும் விலையும் ஏறிய அளவுக்கு ருசி ஏறவில்லை.

சைவ உணவினர் கவலைப்பட வேண்டாம். ஹலால் வண்டிகளில் கொண்டைக்கடலையில் செய்யும் ஃபலாஃபெல் கிடைக்கும். கறி புரண்ட கல்லிலேயே அதையும் சூடு செய்துவிடுவார்களாதலால், நியமம் உள்ளவர்கள் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். அதுவும் மனத்துக்கு ஒப்பாதவர்களுக்கு வாஷிங்டன் சதுக்கப் பூங்கா இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தமிழர் ஒருவர் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் தெற்கு ஓரத்தில் தோசை வண்டி போட்டு, பால் நெய் கூடச் சேராத சமையலால் பல்கலைக்கழக மாணவர்களைக் கட்டிப்போட்டார். 2007-இல் தெரு வியாபாரிகளுக்கான போட்டியில் முதற்பரிசுக் கோப்பை அவ்வண்டிக்குத்தான் கிடைத்தது. அவருடைய பாண்டிச்சேரி தோசைக்காக வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோர் பாண்டிச்சேரி எந்தத் திசையில் இருக்கிறது என்று அறியாத அமெரிக்கர்கள். எந்த வண்டிக்குப் போனாலும் உச்சிவேளைக் கூட்டத்துக்குச் சற்று முன்னதாகப் போவதும், ஒன்றும் ஐந்துமாகச் சில்லறை நோட்டுகள் வைத்துக்கொள்வதும் உத்தமம். நூறு டாலர் நோட்டை நீட்டுகிறவரை அங்கே யாரும் பெரிய மனிதராக மதிப்பதில்லை.