சட்டம் நீங்கியும் நீங்காத பழி: நாடகத்தால் எதிர்கொள்ளும் சாராநகர் இளைஞர்கள்

அகமதாபாத்: குஜராத் மாநிலம் அகமதாபாத் நகரின் குபேர்நகர் பகுதியை ஒட்டி அமைந்துள்ளது சாராநகர். 'சாரா' என்னும் சீர்மரபினர் சமூகத்தினர் வாழும் இக்குடியிருப்பின் இளைஞர்கள் 1998-ஆம் ஆண்டு தொடங்கிய 'புதன் தியேட்டர்' என்ற நாடகக் குழு, கால் நூற்றாண்டைக் கடந்து இயங்கி வருகிறது.

இக்குழுவின் பெயரில் உள்ள 'புதன்' கிழமையையோ கோளையோ குறிப்பதன்று. மேற்கு வங்கத்தில் காவல்துறையினரால் கைது செய்யப்பட்டு, காவலில் உயிரிழந்த புதன் சபர் என்ற பழங்குடி இளைஞரின் பெயர் அது. அவரை நேரில் அறிந்திராத குஜராத் இளைஞர்கள், ஏறத்தாழ நாட்டின் மறுகோடியில் நிகழ்ந்த அந்த மரணத்தைத் தங்கள் முதல் நாடகமாக்கியது ஏன் என்பதை அறிய, ஒன்றரை நூற்றாண்டுக்கு முந்தைய ஒரு சட்டத்திலிருந்து தொடங்க வேண்டும்.

சட்டம் என்ன செய்தது?

ஆங்கிலேய அரசு 1871-ஆம் ஆண்டு குற்றப் பரம்பரையினர் சட்டத்தை இயற்றியது. ஒருவர் குற்றம் செய்தாரா என்று விசாரித்துத் தண்டிப்பது பொதுச் சட்டங்களின் முறை. இச்சட்டமோ, குறிப்பிட்ட சில சமூகங்களில் பிறந்தவர்கள் அனைவரையும் குற்றவாளிகளாகக் கருதிப் பதிவு செய்தது. பட்டியலில் சேர்க்கப்பட்டவர்கள் குறித்த நேரத்தில் அதிகாரிகள் முன் வருகையைப் பதிவு செய்ய வேண்டும்; அனுமதிச் சீட்டு இன்றி வெளியூர் செல்லக் கூடாது. குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தக் குடியிருப்புகளில் வைக்க 1897-ஆம் ஆண்டுத் திருத்தம் வழிவகுத்தது.

தொடக்கத்தில் வட இந்தியாவில் நடைமுறைக்கு வந்த இச்சட்டம், 1911-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்துக்கும் விரிவுபடுத்தப்பட்டது. தமிழகத்தில் இது 'ரேகைச் சட்டம்' என்ற பெயரில் நினைவுகூரப்படுகிறது. கைரேகைப் பதிவை எதிர்த்த மதுரை மாவட்டம் பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் தேதி காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் பலர் உயிரிழந்தனர்.

வணிகம், கலை, கால்நடை, கைத்தொழில் என்று ஊர் ஊராகச் சென்று பிழைத்த நாடோடிச் சமூகங்களே இச்சட்டத்தின் பிடியில் பெருமளவில் சிக்கின. சாரா சமூகத்தின் முன்னோரும் அவ்வாறு அலைந்து வாழ்ந்தவர்களே. 'பாந்து' என்ற தனிமொழி பேசும் அவர்களை ஆங்கிலேய அரசு அகமதாபாத்தின் புறநகரில் குடியமர்த்தியது. அந்தக் குடியமர்வின் தொடர்ச்சியே இன்றைய சாராநகர்.

விடுதலைக்குப் பின் 1952-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31-ஆம் தேதி இச்சட்டம் முறைப்படி நீக்கப்பட்டது. பட்டியலிலிருந்து விடுவிக்கப்பட்ட சமூகங்களே தமிழில் 'சீர்மரபினர்' என்றும், வட மாநிலங்களில் 'விமுக்த ஜாதி' என்றும் அழைக்கப்படுகின்றன. ஆகஸ்ட் 31 அவர்களின் விடுதலை நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

ஆனால், பெயர்ப்பட்டியல் நீங்கினாலும் பழி நீங்கவில்லை என்பதே இச்சமூகத்தினரின் நீண்டகால முறையீடு. முகவரியில் 'சாராநகர்' என்று இருந்தால் வேலை கிடைப்பதில்லை என்றும், அருகில் எங்கு திருட்டு நடந்தாலும் காவல்துறையின் பார்வை முதலில் தங்கள் தெருவின் மீதே விழுகிறது என்றும் அவர்கள் கூறி வந்தனர். வேறு வழியற்ற குடும்பங்கள் பல, மதுவிலக்கு நடைமுறையில் உள்ள குஜராத்தில் சாராயம் காய்ச்சும் தொழிலுக்குச் சென்றன. அது மேலும் வழக்குகளுக்கும் சோதனைகளுக்கும் காரணமானது.

ஒரு நூலகமும் ஒரு தீர்ப்பும்

வங்க எழுத்தாளர் மகாஸ்வேதா தேவியும், வதோதராவைச் சேர்ந்த மொழியியல் அறிஞர் கணேஷ் தேவியும் 1998-ஆம் ஆண்டு சீர்மரபினர் மற்றும் நாடோடிச் சமூகங்களின் உரிமைகளுக்கான செயற்குழுவைத் தொடங்கினர். அதே ஆண்டு அவர்கள் சாராநகருக்கு வந்தபோது, இளைஞர்கள் நூலகம் ஒன்றை விரும்பினர். அவ்வாறு உருவான சிறிய நூலகமே நாடகக் குழுவின் பிறப்பிடமாயிற்று.

அப்போது மேற்கு வங்கத்தில் ஒரு வழக்கு பேசப்பட்டு வந்தது. புருலியா மாவட்டத்தின் கேரியா சபர் சமூகத்தைச் சேர்ந்தவர் புதன் சபர். இச்சமூகமும் ஆங்கிலேயர் காலத்தில் குற்றப் பரம்பரையாக அறிவிக்கப்பட்டதே. 1998 பிப்ரவரி மாதம் மனைவியுடன் வெளியே சென்றிருந்த அவரைக் காவல்துறையினர் பிடித்துச் சென்றனர். சில நாள்களில் அவர் காவலில் உயிரிழந்தார். அவர் தூக்கிட்டுக் கொண்டதாக அதிகாரிகள் கூறினர். அடித்துத் துன்புறுத்தப்பட்டதே காரணம் என்று சபர் மக்கள் கூறினர்.

சான்று அழிந்துவிடும் என்று அஞ்சிய ஊர் மக்கள், உடலுக்குப் பதிலாக ஓர் உருவ பொம்மையை எரித்துவிட்டு, உடலைப் புதைத்துப் பாதுகாத்தனர். மகாஸ்வேதா தேவி தலைமையிலான சபர் நலச் சங்கம் கொல்கத்தா உயர் நீதிமன்றத்தை நாடியது. உடல் மீண்டும் கூராய்வு செய்யப்பட்டது. நீதிபதி ருமா பால், மத்திய புலனாய்வு அமைப்பின் விசாரணைக்கும் புதனின் மனைவிக்கு இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டார்.

இவ்வழக்கின் விவரங்களைப் படித்த சாராநகர் இளைஞர்கள், அதில் தங்கள் வாழ்வையே கண்டனர். மொழி வேறு, மாநிலம் வேறு. ஆயினும் தெருவில் நடந்து சென்றவர் பிறந்த சமூகத்தின் பெயரால் சந்தேகத்துக்கு உள்ளாவது அவர்கள் நன்கறிந்த அனுபவம். அவ்வாறு 1998-இல் 'புதன்' நாடகம் உருவானது. குழுவுக்கும் அப்பெயரே நிலைத்தது. குழுவை வழிநடத்தியவர்களில் முதன்மையானவர் நாடக இயக்குநரும் திரைப்பட இயக்குநருமான தக்ஷின் பஜ்ரங்கே.

மேடை எவ்வாறு அமைகிறது?

'புதன்' நாடகத்துக்குத் திரையோ, விலையுயர்ந்த ஒளியமைப்போ தேவையில்லை. தெருமுனையோ முற்றமோ போதுமானது. நடிகர்களின் உடல்களே சுவராகவும் காவல் நிலையமாகவும் சிறையாகவும் மாறுகின்றன. குழுவாக நிற்போர் கதையைச் சொல்கின்றனர். அவர்களிலிருந்தே ஒருவர் காவலராகவும் மற்றொருவர் கைதியாகவும் பிரிந்து வருகின்றனர். நிறைவில் நடிகர்கள் பாத்திரங்களைக் கைவிட்டு, பார்வையாளர்களை நேரே நோக்கித் தாங்களும் இந்நாட்டின் குடிமக்கள் தாமா என்று வினவுகின்றனர்.

இவ்வடிவம் சிக்கனத்தால் மட்டும் அமைந்ததன்று. அடி வாங்குபவரின் பாத்திரத்தைப் போலவே அடிப்பவரின் பாத்திரத்தையும் ஏற்பவர்கள் சாரா இளைஞர்களே. சிறுவயது முதல் தங்கள் தெருவில் பார்த்த காவலரின் நடையையும் அதட்டலையும் அவர்கள் மேடைக்குக் கொண்டு வருகின்றனர். இதுவரை அறிக்கைகளிலும் வழக்குகளிலும் பிறரால் விவரிக்கப்பட்டு வந்தவர்கள், நிகழ்ந்ததைத் தாமே விவரிக்கும் இடமாக மேடை அமைகிறது. குடியிருப்பின் பெண்களும் சிறார்களும் இதில் பங்கேற்கின்றனர்.

அடுத்து வந்த 'பின்யா ஹரி காலே கி மௌத்' நாடகம், மகாராஷ்டிர மாநிலம் பாராமதியில் 1998-இல் காவலில் உயிரிழந்த பார்தி சமூகத்தவரின் கதையைப் பேசியது. குடிசைகள் இடிக்கப்படுவதால் வீடிழக்கும் நாடோடி மக்களின் நிலையை 'புல்டோசர்' காட்டியது. பிரெஞ்சு நாடகாசிரியர் ழான் ஜெனேயின் படைப்பைத் தழுவி 'ஏக் அவுர் பால்கனி' என்ற நாடகத்தையும் இக்குழு அரங்கேற்றியது.

சாராநகரையும் இக்குழுவையும் பற்றிய 'ப்ளீஸ் டோன்ட் பீட் மீ, சார்!' என்ற ஆவணப்படம் 2011-ஆம் ஆண்டு வெளிவந்து பன்னாட்டு அளவில் கவனம் பெற்றது.

மாறியதும் மாறாததும்

நாடகத்தால் ஒரு குடியிருப்பின் பொருளாதாரம் மாறிவிடாது. எனினும் அடுத்த தலைமுறையின் முன் வேறு வழிகள் திறந்தன. சாராநகரிலிருந்து வழக்கறிஞர்கள், பத்திரிகையாளர்கள், திரைக் கலைஞர்கள் உருவாகியுள்ளனர். தில்லியில் உள்ள தேசிய நாடகப் பள்ளி வரை சென்று பயின்றவர்களும் உண்டு. நூலகமும் ஒத்திகைக் களமும் சிறார்கள் கூடிப் படிக்கும் இடமாகவும் பயன்பட்டன.

மறுபுறம், பழைய அச்சம் முற்றிலும் அகலவில்லை. 2018-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் தேதி இரவு, காவல் அதிகாரி ஒருவர் தாக்கப்பட்டதைத் தொடர்ந்து சாராநகரில் காவல்துறை பெருமளவில் நடவடிக்கை மேற்கொண்டது. அப்போது சம்பவத்துடன் தொடர்பற்றவர்களும் தாக்கப்பட்டதாகவும், வாகனங்கள் சேதப்படுத்தப்பட்டதாகவும் குடியிருப்பாளர்கள் குற்றம்சாட்டினர்.

சட்ட நிலையும் சிக்கலானதே. குற்றப் பரம்பரையினர் சட்டம் நீங்கியபோது பல மாநிலங்களில் 'வழக்கமான குற்றவாளிகள்' சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. சென்னை மாகாணம் 1947-இலேயே பழைய சட்டத்தை நீக்கினாலும், அடுத்த ஆண்டே இத்தகைய சட்டத்தை இயற்றியது. இவை சமூகத்தைப் பெயரிடுவதில்லை; தனிநபர் மீண்டும் மீண்டும் தண்டிக்கப்பட்டாரா என்பதையே கணக்கில் கொள்கின்றன. ஆயினும் கண்காணிப்பு நடைமுறையில் அதே சமூகங்களின் மீதே விழுகிறது என்பது உரிமை அமைப்புகளின் வாதம். இச்சட்டத்தை நீக்குமாறு இன பாகுபாடு ஒழிப்புக்கான ஐ.நா. குழு 2007-ஆம் ஆண்டு இந்தியாவைக் கேட்டுக்கொண்டது.

சிறைகளில் சாதிப் பாகுபாடு குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் தேதி வழங்கிய தீர்ப்பு இவ்வகையில் முக்கியமானது. சீர்மரபினரைப் பிறப்பாலேயே குற்ற நாட்டம் கொண்டவர்களாகக் கருதும் சிறை விதிகள் அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானவை என்று அத்தீர்ப்பு கூறியது.

சீர்மரபினர், நாடோடி மற்றும் அரை நாடோடிச் சமூகங்களுக்காக ரெங்கே ஆணையமும், பின்னர் இதாதே ஆணையமும் அறிக்கைகள் அளித்தன. கல்வி, மருத்துவக் காப்பீடு, வாழ்வாதாரம், வீட்டுவசதி ஆகியவற்றுக்காக 5 ஆண்டுகளில் ரூ.200 கோடி செலவிடும் 'சீட்' திட்டத்தை மத்திய அரசு 2022 பிப்ரவரியில் தொடங்கியது. பல சமூகங்கள் எஸ்சி, எஸ்டி, ஓபிசி பட்டியல்களில் இன்னும் உரிய இடம் பெறாததும், சாதிச் சான்றிதழ் கிடைக்காததும் இத்தகைய திட்டங்கள் சென்று சேர்வதில் தடையாக உள்ளன.

சான்றிதழும் திட்டமும் அரசு தர வேண்டியவை. ஒருவரைப் பார்த்தவுடனே எழும் சந்தேகத்தை அரசாணையால் நீக்க இயலாது. அந்த இடத்தில்தான் சாராநகர் இளைஞர்கள் தங்கள் நாடகத்தை நிறுத்துகின்றனர். அவர்கள் கேட்கும் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் எதிரே அமர்ந்திருக்கும் பார்வையாளர்களே.