பதனீர் ஏன் புளிக்கிறது? நாக்கே துப்பு கொடுக்கும்!

ஒட்டன்சத்திரம்,

பதனீர் என்றால் இனிக்க வேண்டும். ஆனால் சில நாள் புளிக்கிறது. சில நாள் நாக்கு வெந்து போகிறது. சில நாள் கோந்து மாதிரி இழுக்கிறது.

குற்றவாளி யார்? இதோ விவரம்:-

காய்கறி மார்க்கெட்டுக்கும் வெண்ணெய்க்கும் பெயர் போன ஊர் ஒட்டன்சத்திரம். கோடை பிறந்தால் நுங்கு, பதனீருக்கும் கிராக்கிதான். மேற்கே கொங்குச் சீமைக்குள் போனால் இதையே "தெளுவு" என்பார்கள்.

"ஏண்ணே, இன்னைக்கு இறக்கினதுதானா?"

"விடியக்காலம் இறக்கினதுப்பா. குடிச்சுப் பாரு!"

எந்த ஊர் பதனீர்க் கடையிலும் கேட்கிற பேச்சு இது. ஒரு மடக்கு குடித்தால் போதும், உண்மை தெரிந்துவிடும்.

சுண்ணாம்பு காவல்

பாளையில் இருந்து சொட்டும்போது அது சர்க்கரைத் தண்ணீர். நூற்றுக்குச் சுமார் 10 பங்கு சர்க்கரை. காற்றிலும் கழுவாத கலயத்திலும் ஒட்டியிருக்கும் ஈஸ்டுக்கும் பாக்டீரியாவுக்கும் இது கல்யாண விருந்து!

சர்க்கரையைத் தின்று ஈஸ்ட் போதைச் சத்தையும் கரியமில வாயுவையும் கக்கும். நுரை தள்ளும். சில மணி நேரத்தில் பதனீர் கள் ஆகிவிடும்.

அதைத் தடுக்கத்தான் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு பூசுகிறார்கள். சுண்ணாம்பின் காரத்தில் கிருமிகள் எளிதில் பெருக முடியாது.

எந்த ருசி? என்ன தப்பு?

நுரையும் புளிப்பும் இருந்தால், சுண்ணாம்பு போதவில்லை. அல்லது வெயிலில் நேரம் கடந்துவிட்டது.

காடி வாடை அடித்தால், கள்ளாகி, அதையும் தாண்டிவிட்டது என்று அர்த்தம். காற்றுப் பட்டு வினிகராக மாறுகிறது.

கோந்து மாதிரி இழுத்தால், ஒரு ஜாதி பாக்டீரியா வேலை. பழைய கலயத்தைச் சுத்தமாகக் கழுவி, வெந்நீர் விட்டுக் காய வைக்காததே காரணம்.

நாக்கு வெந்தால், சுண்ணாம்பு ஜாஸ்தி. தெளிய வைத்து மேலாக இறுத்துக் குடிக்க வேண்டும்.

அலுமினியப் பாத்திரம் வேண்டவே வேண்டாம். சுண்ணாம்புக் காரம் அலுமினியத்தை அரிக்கும். எவர்சில்வர் அல்லது மண் பானைதான் நல்லது.

திருடனைப் பிடித்த பாஸ்டர்

இந்தத் திருடனை முதலில் கையும் களவுமாகப் பிடித்தவர் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி லூயி பாஸ்டர். 1856-ம் ஆண்டு லில் நகரில் பீட்ரூட் சாறில் இருந்து ஆல்கஹால் எடுத்த ஒரு முதலாளி, "சரக்கு புளித்துப் போகிறது" என்று அவரிடம் ஓடினார். பாஸ்டர் பூதக்கண்ணாடியில் பார்த்தார். நல்ல தொட்டியில் உருண்டை ஈஸ்ட். கெட்ட தொட்டியில் குச்சி குச்சியாக வேறு ஆசாமிகள்!

வெளிநாட்டில் வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களுக்கும் இதே தலைவலிதான். அமெரிக்காவில் 1978-ல் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டம் அதற்கு வழிவிட்டது. அவர்கள் பீரில் வெண்ணெய் வாசனை வந்தால் முகம் சுளிப்பார்கள். "டை-அசிட்டைல்" என்ற பொருள் தங்கிவிட்டது என்று அர்த்தம். வெண்ணெய்க்கு மணம் கொடுப்பதும் அதே பொருள்தான். ஒட்டன்சத்திரத்தில் மணம், அங்கே நாற்றம்!

இங்கே யாரும் அடுப்படியில் பீர் காய்ச்சிப் பார்க்க வேண்டாம். தமிழ்நாட்டில் அது குற்றம்.

பனையேறி பாடு

புளிப்பால் முதலில் அடிபடுவது பனையேறிதான். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காலையும் மாலையும் மரம் ஏறுகிறார். புளித்த ஒரு கலயம் கொப்பரையில் கலந்தால் பாகு இறுகாது. கருப்பட்டி பிசுபிசுக்கும். ஒரு நாள் உழைப்பு பாழ்.

வம்பு அதோடு நிற்காது. பதனீர் புளித்து போதை ஏறினால் அது கள். 1987-ம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. சுண்ணாம்பு ஒரு விரல் குறைந்தால் பிழைப்பே வழக்காகிவிடும்!

தென்னையில் "நீரா" இறக்க 2017-ல் அரசு வழிவிட்டது. அதில் சுண்ணாம்புக்குப் பதில் ஐஸ் பெட்டி. குளிரில் கிருமி தூங்கும்.

நாக்கு ஏமாறும் இடம்

கடைசியாக ஒரு எச்சரிக்கை. புளிப்பு என்கிற திருடன் சத்தம் போட்டுக்கொண்டு வருகிறான். நாக்கு பிடித்துவிடும். மெத்தனால் அப்படி இல்லை. சாராயத்தில் கலந்தால் ருசியிலும் வாடையிலும் கண்டுபிடிக்க முடியாது. கண்ணைப் பறிக்கும், உயிரைப் பறிக்கும்.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் செத்தார்களே, அதற்குக் காரணம் இந்த மெத்தனால்தான்.

பதனீர் புளித்தால் கீழே ஊற்றிவிடலாம். கள்ளச்சாராயத்தை ருசி பார்த்துச் சோதிக்க நினைத்தால், சோதித்தவர் திரும்பி வந்து சொல்லமாட்டார்!