மெமரி கார்டை கேமரா ஏற்கவில்லையா? ஃபார்மேட் செய்யும் முன் அறிய வேண்டியவை

பெங்களூரு: திருமணம், காதணி விழா, பட்டமளிப்பு என மீண்டும் நிகழ்த்த இயலாத தருணங்கள் பல, இன்று தபால்தலை அளவேயுள்ள ஒரு மெமரி கார்டை நம்பியே பதிவாகின்றன. அந்தக் கார்டை கேமராவோ கணினியோ திடீரென அடையாளம் காண மறுக்கும்போது, படங்கள் அனைத்தும் அழிந்துவிட்டதாகப் பலர் கருதுகின்றனர். பெரும்பாலான நேர்வுகளில் அது உண்மையன்று. ஆயினும் அடுத்த சில நிமிடங்களில் எடுக்கப்படும் முடிவு, மீட்கக்கூடிய படங்களையும் மீட்க முடியாதவையாக மாற்றிவிடக்கூடும்.

கார்டைக் கணினியில் செருகியதும், 'பயன்படுத்தும் முன் ஃபார்மேட் செய்ய வேண்டும்' என்ற அறிவிப்பு திரையில் தோன்றுவது வழக்கம். இதற்கு 'வேண்டாம்' என்றே பதில் அளிக்க வேண்டும். அதே கார்டில் மேலும் படம் எடுப்பதையும் உடனே நிறுத்த வேண்டும்.

காரணம், கார்டு இயங்கும் முறையிலேயே உள்ளது. ஒரு நூலகத்தில் புத்தகங்கள் அலமாரியிலும், அவற்றின் இருப்பிடம் பதிவேட்டிலும் இருப்பதைப் போல, கார்டிலும் படங்கள் ஓரிடத்திலும் அவற்றின் அட்டவணை வேறோரிடத்திலும் சேமிக்கப்படுகின்றன. படம் பதிவாகிக்கொண்டிருக்கும்போது கார்டை உருவினாலோ, பேட்டரி தீர்ந்துபோனாலோ, முதலில் சிதைவது பெரும்பாலும் அட்டவணையே. பதிவேடு கிழிந்துவிட்டால் புத்தகங்கள் காணாமல் போவதில்லை. தேடும் வழிதான் தொலைகிறது. சாதாரண ஃபார்மேட் இந்த அட்டவணையைப் புதிதாக எழுதுகிறது. சில கேமராக்களில் உள்ள 'லோ லெவல் ஃபார்மேட்' வசதியோ படங்களையும் சேர்த்தே துடைத்துவிடும்.

செவ்வாய் கோளிலும் இதே சிக்கல்

2004 ஜனவரியில் செவ்வாய் கோளில் தரையிறங்கிய நாசாவின் ஸ்பிரிட் ஊர்தி, சில வாரங்களுக்குள் திரும்பத் திரும்பத் தானாகவே மறுதொடக்கம் ஆகித் திணறியது. அதன் ஃபிளாஷ் நினைவகம் பழுதாகவில்லை. கோப்புகள் மிகுந்து, அவற்றை நிர்வகிக்கும் மென்பொருள் தடுமாறியதே காரணம். ஃபிளாஷ் நினைவகத்தைத் தொடாமல் ஊர்தியை இயக்கியே பொறியாளர்கள் கோளாறைக் கண்டறிந்தனர். அதன்பின் ஸ்பிரிட் 2010 வரை பணியாற்றியது.

எளிய சோதனைகள் முதலில்

கார்டு பழுது என்ற முடிவுக்கு வரும் முன், கார்டு ரீடரையே முதலில் சந்தேகிக்க வேண்டும். வேறொரு ரீடர், வேறொரு யுஎஸ்பி துளை, வேறொரு கணினி ஆகியவற்றில் சோதிப்பது நல்லது. கார்டின் பின்புறமுள்ள பொன்னிறத் தொடுமுனைகளில் தூசியோ வியர்வைக் கறையோ படிந்திருந்தால், உலர்ந்த மென்துணியால் துடைத்தாலே போதும். அழிப்பானால் தேய்ப்பது பூச்சைச் சுரண்டிவிடும்.

கார்டின் ஓரத்தில் உள்ள சிறிய பூட்டு விசையையும் பலர் குறை கூறுவதுண்டு. அது புதிய படங்கள் பதிவாவதைத் தடுக்குமே தவிர, பழைய படங்களைப் படிப்பதைத் தடுக்காது.

பொருந்தாமையும் ஒரு காரணம். எஸ்டி கார்டு 1999-ல் அறிமுகமானது. 2006-ல் வந்த எஸ்டிஎச்சி வகை 32 ஜிபி வரையிலும், 2009-ல் வந்த எஸ்டிஎக்ஸ்சி வகை 2 டிபி வரையிலும் கொள்ளளவு கொண்டவை. எஸ்டிஎச்சி காலத்துப் பழைய கேமராவில் 64 ஜிபி கார்டைச் செருகினால் அது ஏற்கப்படாமல் போகலாம். அங்கே பழுதென்று எதுவும் இல்லை.

கணினி காட்டும் கொள்ளளவு

விண்டோஸ் கணினியில் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' பகுதியைத் திறந்து பார்த்தால் நிலைமை ஓரளவு தெளிவாகும். கார்டு தனது சரியான கொள்ளளவுடன் தோன்றினால், அட்டவணை மட்டுமே சிதைந்திருக்க வாய்ப்பு அதிகம். இந்நிலையில், முதலில் கார்டின் முழு நகலை 'இமேஜ்' கோப்பாகக் கணினியில் எடுத்துக்கொண்டு, மீட்பு முயற்சியை அந்த நகலில் மேற்கொள்வதே பாதுகாப்பானது. கட்டணமின்றிக் கிடைக்கும் 'போட்டோரெக்' மென்பொருள், அட்டவணையைப் பொருட்படுத்தாமல் படக்கோப்புகளின் தொடக்க அடையாளத்தைக் கொண்டே அவற்றைத் தேடி எடுக்கும். கோப்புகளின் பழைய பெயர்கள் மட்டும் கிடைக்காது. மீட்ட படங்களை அதே கார்டில் சேமிக்கக் கூடாது.

இணையத்தில் பலரும் பரிந்துரைக்கும் 'செக் டிஸ்க்' கட்டளையை நகல் எடுக்கும் முன் இயக்குவது ஆபத்தானது. அது கார்டின் உள்ளடக்கத்தையே மாற்றி எழுதிவிடும்.

கார்டு எந்தக் கணினியிலும் தோன்றவில்லை, அல்லது கொள்ளளவு பூஜ்யம் எனக் காட்டுகிறது என்றால், உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு செயலிழந்திருக்கலாம். அப்போது எந்த மென்பொருளும் பயன்தராது. நினைவகத்தை நேரடியாகப் படிக்கும் வசதியுள்ள தரவு மீட்பு ஆய்வகமே வழி. மைக்ரோ எஸ்டி கார்டுகளில் நினைவகமும் கட்டுப்பாட்டுச் சில்லும் ஒரே வார்ப்புக்குள் இருப்பதால், அங்கு இப்பணி இன்னும் கடினம்.

பெங்களூரில் இத்தகைய சாதனங்களுக்குப் பெயர்பெற்ற எஸ்.பி. ரோடு சந்தையிலோ வேறெங்கோ, கார்டைப் பழுதுபார்க்கக் கொடுப்போர், 'படங்களே தேவை, கார்டு அல்ல' என்பதை முதலிலேயே தெளிவாகக் கூறிவிட வேண்டும். கார்டை மீண்டும் இயங்கச் செய்வது வேறு, படங்களை மீட்பது வேறு. முன்னதற்கு ஃபார்மேட் செய்தாலே பல நேரங்களில் போதும் என்பதால், சொல்லாமல் விட்டால் கார்டு மட்டும் காலியாகத் திரும்பி வரக்கூடும்.

ஒருமுறை இவ்வாறு தடுமாறிய கார்டு, மீட்புக்குப் பின் நன்றாக இயங்கினாலும், முக்கிய நிகழ்ச்சிகளுக்கு உகந்ததன்று. இரு கார்டுகளில் ஒரே நேரத்தில் பதிவு செய்யும் வசதி கேமராவில் இருப்பின், திருமணம் போன்ற நிகழ்ச்சிகளில் அதை இயக்கி வைத்துக்கொள்ளலாம்.