பெட்டியில் 50 வாட், ஸ்பீக்கரில் 22

கார் ஸ்டீரியோவின் பெட்டியில் "50 வாட் × 4" என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். மொத்தம் 200 வாட். அதே ஸ்டீரியோவின் முதுகில் செருகியிருக்கும் ஃபியூஸ் பெரும்பாலும் 10 ஆம்பியர். என்ஜின் ஓடும்போது 14.4 வோல்ட் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் உள்ளே போகக்கூடியது 144 வாட்தான். அதில் ஏறக்குறைய 40 சதவீதம் சூடாகவே போய்விடும். மிச்சம் 86. நான்கு ஸ்பீக்கருக்கும் பங்கிட்டால் தலைக்கு 21.5 வாட். விவரக் குறிப்பில் பொடி எழுத்தில் "22 வாட் ஆர்.எம்.எஸ்." என்று இருப்பது இந்தக் கணக்குதான்.

அந்த 50 எங்கிருந்து வந்தது? ஸ்பீக்கருக்குப் போகும் அலையின் உச்சி 14.4 வோல்ட்டைத் தாண்ட முடியாது. அலை ஒழுங்காக வளைந்து இறங்கினால் அதன் ஆர்.எம்.எஸ்., அதாவது பயனுறு அளவு, 10.2 வோல்ட், வர்க்கமாக்கி 4 ஓமால் வகுத்தால் 26 வாட், உள்ளே இழப்பது போக 22. அதற்குமேல் வால்யூமைத் திருகினால் உச்சி ஏற இடமில்லை, அலையின் தலை தட்டையாகிறது. இதுதான் கிளிப்பிங். முழுக்கத் தட்டையானால் 14.4-இன் வர்க்கத்தை 4-ஆல் வகுக்க வேண்டும்: 52 வாட். ஆக, பெட்டியில் அச்சிட்டு விற்பது உடைந்த ஒலியின் வாட்.

22-இலிருந்து 52-க்குப் போவதால் கிடைக்கும் கூடுதல் சத்தம் 3.7 டெசிபல். காதுக்குக் கொஞ்சம் கூடியது போலத் தெரியும், அவ்வளவே. ஸ்பீக்கரின் வாய்ஸ் காயில் வாங்கும் சூடோ 2.4 மடங்கு. 88 டெசிபல் சென்சிட்டிவிட்டி உள்ள ஸ்பீக்கருக்குப் பதில் 92 உள்ளதை வாங்கினால் அதைவிடக் கூடுதலாக 4 டெசிபல் கிடைக்கும், ஒரு வாட்கூட ஏறாமல்.

தனி ஆம்ப் வைத்தவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் நீளும். 4 ஓம், 250 வாட் சப்-ஊஃபர் என்றால் 250-ஐ 4-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள்: 31.6 வோல்ட். ஆம்பும் அந்த 250-ஐ ஆர்.எம்.எஸ்.ஸாகத் தரக்கூடியதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆம்பின் வாட்டை வைத்தே கணக்கிடுங்கள். சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிடி-830டி மல்டிமீட்டர் போதும். அது சில நூறு ஹெர்ட்ஸ் வரைதான் ஏ.சி. வோல்ட்டைச் சரியாக அளக்கும்; 50 ஹெர்ட்ஸ் டோன் அதற்குள் அடங்குகிறது. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, ஈக்வலைசரையும் பேஸ் பூஸ்டையும் பூஜ்யத்தில் வைத்து, ஸ்டீரியோவில் அந்த டோனை ஓடவிட்டு முக்கால் வால்யூமில் நிறுத்தி, மீட்டர் 31.6 காட்டும்வரை ஆம்பின் கெயினை ஏற்றுங்கள். மீட்டரின் இரண்டு முனையும் ஸ்பீக்கர் வயரில்தான் இருக்க வேண்டும், ஒன்றைக்கூட காரின் பாடியில் வைக்கக் கூடாது.

இந்த மீட்டர் அலையின் வடிவத்தைக் காட்டாது. ஆனாலும் கிளிப்பிங்கைப் பிடிக்க ஒரு வழி உண்டு. வால்யூமைப் படிப்படியாக ஏற்றி ஒவ்வொரு படிக்கும் வோல்ட்டை எழுதுங்கள். ஏறிக்கொண்டே வந்த எண் திடீரென்று சோர்ந்து, படிக்குப் படி வித்தியாசம் சுருங்கும் இடம்தான் எல்லை. ஆம்ப் இல்லாமல் ஸ்டீரியோவே ஸ்பீக்கரை ஓட்டினால் அந்த எல்லை 9.4 வோல்ட் வாக்கில் வரும்.

பிறகு யாரோ பேஸ் பூஸ்டை 6 டெசிபல் ஏற்றுகிறார்கள். 31.6 வோல்ட் 63 ஆக வேண்டும், 250 வாட் 1,000 ஆக வேண்டும். ஆம்பால் முடியாது, தட்டையாக்கி அனுப்புகிறது. கடையில் போட்டுக் காட்டும்போது எல்லோரும் கேட்டு வாங்குவது இந்தக் குமிழைத்தான். எனக்கு இதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

வோல்ட்டும் ஒரே நிலையில் நிற்பதில்லை. ஆல்டர்னேட்டர் பற்றி அம்பத்தூர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதைச் செய்யும், 1961-இல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ். பக்கத்துப் பாடியில்தான் இருக்கிறது. என்ஜின் ஐடிலில் கிடக்கும்போது ஆல்டர்னேட்டர் முழு மின்சாரமும் தராது. எம்.டி.எச். சாலையிலோ குமணன்சாவடியிலோ நெரிசலில் நிற்கும்போது ஏ.சி. ஓடி ஹெட்லைட்டும் எரிய 14.4 என்பது 12.6-க்கு இறங்கினால், ஸ்டீரியோவின் சுத்தமான வாட்டில் 23 சதவீதம் போச்சு. வெறிச்சோடிய பைபாஸில் உடையாத ஒலி, அதே வால்யூமில் சிக்னலில் உடையும். ஆகவே கெயின் வைக்கும்போது ஏ.சி., ஹெட்லைட் எல்லாம் போட்டு, ஐடிலில் வைத்தே அளக்க வேண்டும்.

வயரிலும் வோல்ட் விழும். பேட்டரியிலிருந்து டிக்கிக்கு 5 மீட்டர், 8 கேஜ் சுத்தச் செம்பு, 30 ஆம்பியர்: 0.31 வோல்ட் இழப்பு. செம்பு பூசிய அலுமினியம் என்றால் கிட்டத்தட்ட 0.5. வெட்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாக இருக்கும்.

அடுத்த முறை ஆம்ப் வாங்கப் போகும்போது அதைத் திருப்பி ஃபியூஸைப் பாருங்கள். "1,500 வாட்" என்று எழுதி இரண்டு 30 ஆம்பியர் ஃபியூஸ் வைத்திருந்தால் உள்ளே போவதே 864 வாட்தான். மீட்டரை முதலில் வாங்குங்கள், ஆம்பைப் பிறகு வாங்கலாம்.